பட்டியலை எழுதுகிறவர்

2025 தீபாவளிக்கு மாரி செல்வராஜின் 'பைசன்' வந்தது. அடுத்த வாரமே பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வாங்கியது. அந்த அணியின் துணைத் தலைவி சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. அன்றிலிருந்து என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கபடி பற்றித்தான் பேசுகிறார்கள். செல்லூர்க்காரியிடம் வேறு எதைப் பேசுவது என்று நினைக்கிறார்களோ என்னவோ. வெளியூர்க்காரர்களுக்குச் செல்லூர் என்றால் வைகை அணையில் மிதந்த தெர்மாகோல் நினைவுக்கு வரும். மதுரைக்காரர்களுக்குக் கபடி. ரவுண்டானாவில் கபடி வீரர்களுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். மண் தரையில் தொடை தெரியக் கட்டிய டவுசரோடு ஆடிய தாத்தாக்கள் இன்றும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அந்தச் சிலையில் கால் பிடித்திருக்கும் விதம் சரியா தப்பா என்று சண்டை போடுவார்கள்.

பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே வாக்கியத்தில்தான் முடிகிறது. "திறமை மட்டும் இருந்தா யாராலயும் தடுக்க முடியாது, பாத்தீங்களா?" சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். படித்தவர்கள், நம் தோழர்கள் சிலரும்கூடச் சொல்கிறார்கள். எனக்கு இந்த வாக்கியத்தோடு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. அதைச் சொல்ல 'பைசன்' வேண்டாம், கார்த்திகாவும் வேண்டாம். 2022ல் தமிழ் தலைவாஸ் அணி ஆடிய ஒரு சீசன் போதும்.

தமிழ் தலைவாஸ் 2017ல் புரோ கபடி லீக்குக்குள் வந்தது, ஐந்தாவது சீசனில். முதல் இரண்டு சீசனும் தங்கள் பிரிவில் கடைசி. 2019ல் அஜய் தாக்கூர், ராகுல் சவுத்ரி, மஞ்சித் சில்லர் என்று பெரிய பெயர்களாக அணியில் இருந்தார்கள். பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம் கிடைத்தது. அதற்கடுத்த சீசனில் பதினொன்று. எங்கள் மாலைப் படிப்பகத்துப் பையன்கள் இதை "முன்னேற்றம்" என்று கிண்டல் செய்தார்கள்.

2022 ஆகஸ்ட் ஏலத்தில் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தார்கள். அதுவரை இந்த லீக்கில் எவருக்கும் கொடுக்காத தொகை. அக்டோபர் 8ஆம் தேதி பெங்களூரில் குஜராத்தோடு முதல் ஆட்டம். படிப்பகத்தில் எட்டு மணிக்குப் பாடம் முடிந்ததும் என் போனை டிபன் கேரியரில் சாய்த்து வைத்துவிட்டு, பதினைந்து பேர் ஒருவர் தோளில் ஒருவர் தாடையை வைத்துக்கொண்டு பார்த்தோம். முதல் பாதியிலேயே பவனுக்கு முழங்காலில் அடி. வெளியே போனவர் அந்த சீசன் முழுக்கத் திரும்பி வரவில்லை. "போச்சு, ரெண்டே கால் கோடி போச்சு" என்றான் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், ஏதோ அவன் வீட்டுச் சீட்டுப் பணம் போனதைப் போல. ஆட்டம் 31க்கு 31 என்று சமனில் முடிந்தது.

அடுத்த சில ஆட்டங்கள் தடுமாற்றம்தான். அந்த மாதமே பயிற்சியாளர் உதயகுமார் விலக, அஷன் குமார் வந்தார். ஹரியானாக்காரர், அர்ஜுனா விருது பெற்ற பழைய ஆட்டக்காரர். ஒரு அணி நட்டாற்றில் நிற்கும்போது வருகிற புதுப் பயிற்சியாளருக்கு ஏலம் கிடையாது, ஆள் சேர்க்கும் வசதி கிடையாது. இருப்பவர்களை வைத்துத்தான் சமைக்க வேண்டும். நம் வீட்டு அம்மாக்கள் மாதக் கடைசியில் செய்கிற வேலை.

இருந்தவர்கள் யார்? நரேந்தர் என்று ஒரு பையன். அதுதான் அவனுக்கு முதல் சீசன். பவனுக்குத் துணையாகப் பாடிப் போக வேண்டியவன், பவன் இல்லாத இடத்தில் முதல் ஆளாக நின்றான். வலது கார்னரில் சாகர், இடது கார்னரில் சாஹில் குலியா. நடுவில் மோஹித், ஹிமான்ஷு, நம் ஊர்ப் பக்கத்து எம். அபிஷேக். பாடிப் போக அஜிங்க்யா பவார். பெரும்பாலும் இருபதைத் தாண்டிக் கொஞ்ச வருடம்கூட ஆகாத பிள்ளைகள். ஏலத்தன்று ஒரு தொலைக்காட்சியும் இவர்கள் முகத்தைப் பெரிதாகக் காட்டியிருக்காது.

டைம் அவுட் வரும்போதெல்லாம் கேமரா பயிற்சியாளரிடம் போகும். அவர் இந்தியில் பேசுவார். "அக்கா, என்னக்கா சொல்றாரு?" என்று என்னைக் கேட்பார்கள், எம்.ஏ. படித்தவளுக்கு இந்தி தெரியும் என்ற நம்பிக்கையில். எனக்குத் தெரிந்த இந்தி மதுரை ஜங்ஷன் அறிவிப்போடு சரி. ஆனால் முகம் புரியும். புள்ளியை விட்டுவிட்டு வந்து நிற்கிற பையனிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பேசுகிற மனிதர் என்பது புரிந்தது. நம் பிள்ளைகள் கவனித்தது வேறு. "அக்கா, தப்புப் பண்ணவன மறுபடியும் உள்ள விடுறாருக்கா." இதைச் சொன்னவன், பள்ளி அணியில் ஒரே ஒரு ரெய்டில் மாட்டியதற்காக அந்த வருடம் முழுக்க வெளியே உட்காரவைக்கப்பட்டவன். அவனுக்கு அந்தக் காட்சிதான் அந்த சீசனின் பெரிய அதிசயம்.

22 லீக் ஆட்டங்களில் பத்து வெற்றி, எட்டுத் தோல்வி, நான்கு சமன். 66 புள்ளி, ஐந்தாவது இடம். தலைவாஸ் வரலாற்றில் முதல்முறையாக பிளே ஆஃப். டிசம்பர் 13 அன்று உ.பி. யோத்தாஸோடு ஆட்டம் 36க்கு 36 என்று நின்று, டை பிரேக்கருக்குப் போனது. டை பிரேக்கரில் ஆளுக்கு ஐந்து ரெய்டு. அவுட் ஆனவர் வெளியே போக வேண்டியதில்லை, புள்ளி மட்டும்தான் கணக்கு. 6க்கு 4 என்று ஜெயித்தபோது படிப்பகத்துக்கு எதிர்வீட்டு அம்மா "என்னமோ ஏதோ" என்று கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். இரண்டு நாள் கழித்து அரையிறுதியில் புனேயிடம் 39க்கு 37 என்று தோற்றோம். நரேந்தர் அந்த சீசனில் 243 ரெய்டு புள்ளி எடுத்து, சிறந்த புதுமுகம் என்று பரிசு வாங்கினான்.

இப்போது அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். அப்போதும் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். "பாத்தீங்களா, திறமை இருந்தா வெளிய வந்துரும்."

அந்தத் திறமை அக்டோபர் 8ஆம் தேதிக்கு முன்னாலும் அந்தப் பையன்களிடம் இருந்ததுதானே? அக்டோபர் 7ஆம் தேதி நரேந்தர் மெதுவாகவா ஓடினான்? ஒரு பெரிய ஆட்டக்காரருக்கு முழங்கால் போக வேண்டியிருந்தது, வேறொரு பயிற்சியாளர் வர வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் நம் கண்ணுக்கு அவர்கள் தெரிந்தார்கள். அவர்களாவது அந்த மேட்டின் ஓரத்திலேயே, ஜெர்சி போட்டுக்கொண்டு, பட்டியலில் பெயரோடு இருந்தார்கள். அவ்வளவு கிட்டத்தில் இருந்தவர்களுக்கே ஒரு விபத்து தேவைப்பட்டது என்றால், அந்தக் கட்டிடத்தின் கேட்டுக்கே போகாத நம் பிள்ளைகளுக்கு எத்தனை பேருக்கு முழங்கால் உடைய வேண்டும்?

அந்த சீசனில் இன்னொரு வாக்குவாதமும் ஓடியது. தமிழ் தலைவாஸில் தமிழன் எங்கே என்று. பேச்சு நியாயம்தான். முதல் ஆட்டத்தில் எதிரணி குஜராத்துக்குத் தலைவராக நின்ற சந்திரன் ரஞ்சித் தமிழ்நாட்டுக்காரர்; நம் அணியிலோ பெரும்பாலும் ஹரியானாப் பையன்கள். பெயரில் மட்டும் தமிழை வைத்துக்கொண்டு ஜெர்சி விற்கிறார்கள் என்ற கோபம் எனக்கும் உண்டு. ஆனால் இந்தக் கேள்வியை முகநூலில் உரக்கக் கேட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அவர் ஊரில் வருடா வருடம் கோயில் திருவிழாவுக்குக் கபடிப் போட்டி நடக்கிறது. அந்த ஊர் அணியில் காலனிப் பையன் ஒருவன்கூட ஆடியதில்லை. "நம்ம ஊர் டீம்ல எத்தன தமிழர் இருக்காங்கண்ணே?" என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி விளங்கவே இல்லை. நடிக்கவில்லை, உண்மையிலேயே விளங்கவில்லை. தமிழர் என்ற சொல்லுக்குள் காலனியும் வரும் என்பது அவர் கணக்கில் இருந்ததே கிடையாது.

கபடி தொட்டு ஆடுகிற ஆட்டம், அதில் ஏது சாதி என்பார்கள். தொட்டால்தான் புள்ளி, கட்டிப் பிடித்தால்தான் புள்ளி, உண்மைதான். அந்த நாற்பது நிமிடத்துக்கு மட்டும் தொடலாம். நாற்பத்தோராவது நிமிடம் என்ன நடக்கும் என்பதற்கு என் தாய்மாமாவின் கதையைச் சொல்கிறேன்.

அம்மாவின் ஊர் மேலூர் பக்கம். மாமா இடது கார்னர். கணுக்காலைப் பிடித்தால் உடும்புப் பிடி என்பார்கள். பக்கத்து ஊர் ஆதிக்க சாதிக் குழு ஒன்று வெளியூர்ப் போட்டிகளுக்கு அவரை அழைத்துப் போகும். போகும்போது லாரியில் பின்னால் நிற்க வேண்டும், வரும்போதும் அப்படித்தான். ஜெயித்த இரவு கறிச்சோறு உண்டு. மாமாவுக்கு மட்டும் வாழையிலையைச் சுற்றிக் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடச் சொல்வார்கள். மாமா அதையெல்லாம் பெரிதாக நினைத்ததாகத் தெரியவில்லை. "ஆடுனா போதும்னு இருந்தேன் பாப்பா" என்பார்.

பிறகு ஒரு போட்டி வந்தது. சங்கத்தின் அங்கீகாரம் உள்ள போட்டி, சான்றிதழ் உண்டு. அதற்கும் மாமா போனார், எல்லா ஆட்டமும் ஆடினார், அணி ஜெயித்தது. ஆனால் கொடுத்த பட்டியலில் அவர் பெயர் இல்லை. குழுவை நடத்தியவரின் சொந்தக்காரப் பையன் ஒருவனின் பெயரில் மாமா ஆடியிருக்கிறார். மைக்கில் அந்தப் பெயரைச் சொல்லி "அருமையான பிடி" என்று கத்தியிருக்கிறார்கள். மாமாவுக்கு அப்போதே கேட்டது. வாய் தவறிச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். சான்றிதழ் அந்தப் பையனுக்குப் போனது. சில வருடம் கழித்து அரசு வேலையும் விளையாட்டு வீரர் என்ற கணக்கில் அவனுக்குப் போனது. மாமா செல்லூருக்கு வந்து தறிப்பட்டறையில் துண்டு நெய்தார். இரண்டு முழங்காலும் இப்போது மடங்காது. கபடியில் போன முழங்கால், ஆனால் அவர் கபடி ஆடினார் என்பதற்கு எந்தக் காகிதமும் இல்லை.

திறமை இருந்தால் யாரும் தடுக்க முடியாதாம். மாமாவின் திறமையை யாரும் தடுக்கவில்லை. எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே நான் கேட்பது ஒரே கேள்விதான்: பட்டியலை எழுதுவது யார்? நம்மை ஒரு பட்டியலில் வைத்து, அந்தப் பெயராலேயே பட்டியல் சாதி என்று அழைக்கிற நாட்டில், ஏழு பேர் கொண்ட இன்னொரு பட்டியலுக்குள் நம் பெயர் வருவதற்கு ஏன் இத்தனை பாடு? தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று சதவீத இடம் இருக்கிறது. தெருப் போட்டியில் வாங்கிய கோப்பையைக் காட்டி அதைக் கேட்க முடியாது. அங்கீகரிக்கப்பட்ட போட்டியின் சான்றிதழ் வேண்டும். அந்தப் போட்டிக்குப் போக மாவட்ட அணியில் பெயர் வேண்டும். மாவட்ட அணிக்குத் தேர்வு எங்கே, என்றைக்கு என்பது காலனிக்குத் தெரிய வேண்டும். சமூகவியல் வகுப்பில் 'சமூக மூலதனம்' என்ற சொல்லை ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்தேன். செல்லூர்ப் பையன் ஒருவன் அதை ஒரே வரியில் கேட்பான்: "அக்கா, அங்க நமக்கு யாரைத் தெரியும்?"

இது கபடிக்கு மட்டும் உரியதும் அல்ல, இன்று தொடங்கியதும் அல்ல. பல்வங்கர் பாலூ என்ற பந்துவீச்சாளர் புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மைதான வேலை பார்த்தவர், சமார் சாதியில் பிறந்தவர். 1911ல் இந்திய அணியோடு இங்கிலாந்து போய் 114 விக்கெட் எடுத்தார். புனேயில் ஆடிய காலத்தில் அணிக்காரர்கள் உள்ளே தேநீர் குடிக்க, அவருக்கு மட்டும் வெளியே தனி மண்குவளை. பந்து அவர் கையிலிருந்து போகலாம், குவளை கூடாது. விக்கெட் வேண்டும் என்பதால் அணியில் சேர்த்த இந்துக்கள் அணி, கடைசிவரை அவரைத் தலைவராக்கவில்லை. அந்த அநீதியை எதிர்த்து அவருடைய தம்பிகள் அணியிலிருந்தே விலகினார்கள். 1923ல்தான் தம்பி விட்டலுக்குத் தலைமை கிடைத்தது. (இதே பாலூதான் 1937 தேர்தலில் அண்ணல் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றவர். அது வேறு வருத்தம், வேறொரு நாள் பேசலாம்.)

அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து கோடிக்கணக்கானவர்கள் பார்க்கிற விளையாட்டு. 1966 மார்ச் 19 அன்று டெக்சாஸ் வெஸ்டர்ன் கல்லூரிப் பயிற்சியாளர் டான் ஹாஸ்கின்ஸ் தேசிய இறுதி ஆட்டத்தில் ஐந்து கறுப்பின மாணவர்களை முதல் ஐவராக இறக்கினார். எதிரே கென்டக்கி, முழுக்க வெள்ளையர் அணி. 72க்கு 65 என்று டெக்சாஸ் வெஸ்டர்ன் ஜெயித்தது. இதைப் படமாகவும் எடுத்தார்கள், நம் தோழர்கள் கூட்டங்களில் அடிக்கடி சொல்கிற கதை. அதில் சொல்லாமல் விடுகிற ஒன்று உண்டு. ஹாஸ்கின்ஸ் வெள்ளையர். ஒரு கறுப்பினப் பயிற்சியாளர் தன் அணியை அந்தப் பட்டத்துக்குக் கொண்டுபோக 1984 வரை ஆனது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் ஜான் தாம்சன். ஆட வருவதற்கும், யார் ஆட வேண்டும் என்று சொல்ல வருவதற்கும் நடுவில் பதினெட்டு வருடம். ஆட்டக்காரனின் உடம்பை ஏற்றுக்கொள்வார்கள். அவனுடைய தீர்ப்பை ஏற்றுக்கொள்ளத்தான் அவர்களுக்கு வலிக்கும்.

உடம்பை ஏற்றுக்கொள்வதுகூட ஜெயிக்கிறவரைதான். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட முதல் இந்தியப் பெண் வந்தனா கட்டாரியா. அணி அரையிறுதியில் தோற்ற அன்று ஹரித்துவார் பக்கத்தில் அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோல்வி என்று கத்தினார்கள். 2021ல்.

அதனால்தான் கார்த்திகாவின் வெற்றியில் எனக்குப் பிடித்த பகுதி பதக்கம் அல்ல. கூவம் கரையிலிருந்தும் சென்னையின் மற்ற குடிசைப் பகுதிகளிலிருந்தும் பிடுங்கி எறியப்பட்டவர்களின் ஊர் கண்ணகி நகர். அந்த ஊருக்குள்ளேயே பிள்ளைகளைச் சேர்த்து அணியாக்கி, வருடக்கணக்காக ஆடவைத்த ஒரு பயிற்சியாளர் இருந்தார். கார்த்திகாவின் பெயரைப் பட்டியலில் முதலில் எழுதியவர், அவள் தெருவை அறிந்தவர். மணத்தி கணேசன் 1994ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியில் ஆடினார், மறு வருடம் அர்ஜுனா விருது பெற்றார். அவர் வாழ்க்கையை ஒட்டிய 'பைசன்' படத்திலும் ஒரு பி.டி. வாத்தியார் வருகிறார். தியேட்டரில் எல்லாரும் நாயகனைப் பார்த்துக் கைதட்டினார்கள். நான் அந்த வாத்தியாரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, நம் ஆள் ஒருவர் விசிலை வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. இதையும் இங்கேயே சொல்ல வேண்டும், வெளியே சொன்னால் எதிரிக்கு அவல் என்று பயந்து பயந்து நாம் நிறைய விஷயங்களை விழுங்கியிருக்கிறோம். எங்கள் பகுதியில் அம்பேத்கர் படம் போட்ட பனியனோடு ஆடுகிற அணி ஒன்று இருக்கிறது. நல்ல அணி. அதில் தூய்மைப் பணியாளர் குடியிருப்புப் பையன்கள் பல வருடம் இல்லை. கேட்டால் "அவங்க வரமாட்டேங்கிறாங்கக்கா" என்பார்கள். ஆதிக்க சாதிக்காரர் நம்மைப் பற்றிச் சொல்கிற அதே பதில், எழுத்து மாறாமல். அருந்ததியருக்கு 2009ல் மூன்று சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது நம் தெருக்களில் எழுந்த முணுமுணுப்பை நான் கேட்டிருக்கிறேன். அந்த முணுமுணுப்பு கபடிக் களத்திலும் நிற்கிறது. பெண் பிள்ளைகள் ஆட மாலை ஐந்து மணிக்கு இடம் கேட்டபோது "பசங்க ஆடி முடிக்கட்டும்" என்றதும் அதே அணிதான். முடிக்கும்போது இருட்டியிருக்கும்.

எனவே நான் கேட்பது ஏதோ ஒரு நம் ஆள் அல்ல. படித்த, பயிற்சி பெற்ற, கேள்வி கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்ட பயிற்சியாளர்கள். பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் ஒரு வருடப் பட்டயப் படிப்பும், ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பும் நடத்துகிறது. நம் பிள்ளைகளை ஐ.ஏ.எஸ். படி, வக்கீலுக்குப் படி என்று விரட்டுகிறோம், நல்லது. பயிற்சியாளருக்குப் படி என்று சொன்ன ஒரு இயக்கக் கூட்டத்தைக்கூட நான் பார்த்ததில்லை. நடுவர் தேர்வு எழுது என்று எவரும் சொல்லவில்லை. மாவட்டச் சங்கத்தில் ஓட்டு யாருக்கு இருக்கிறது என்று கேட்டு நாம் ஒரு மனுகூடக் கொடுத்ததில்லை. மைதானம் கேட்டுக் கொடுத்திருக்கிறோம், மேட் கேட்டுக் கொடுத்திருக்கிறோம். மேட் வந்தால் அதில் யார் ஆடுவது என்று முடிவு செய்பவர் கூடவே வருவார், அவரைப் பற்றிப் பேச்சில்லை.

படிப்பகத்தில் வளர்ந்த ஒரு தம்பி இருக்கிறான், இருபத்து மூன்று வயது. தோள்பட்டை இறங்கி ஆட்டத்தை விட்டவன். பகலில் கொரியர் வண்டி ஓட்டுகிறான். பி.பி.எட். சேர மார்க் இருக்கிறது, பணம் கொஞ்சம் குறைகிறது, அதற்கு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். போன மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியை அவனிடம் விட்டிருக்கிறோம். முதல் நாளே அவன் இரண்டு காரியம் செய்தான். பெண் பிள்ளைகளுக்குக் காலை ஆறரை மணியை ஒதுக்கினான், வெயில் ஏறுமுன். பையன்களின் நேரம் அதற்குப் பிறகுதான். அடுத்து, தூய்மைப் பணியாளர் குடியிருப்புக்கு அவனே நடந்துபோய் நான்கு பேரைக் கூட்டிவந்தான். "வரமாட்டேங்கிறாங்க" என்று சொல்லப்பட்டவர்கள் நாலே நிமிடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார்கள்.

முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. பழைய அணியின் ஒரு பையனுடைய அப்பா என்னிடம் வந்து, "புதுசா வந்தவன் ஆள மாத்திக்கிட்டே இருக்கான், நீங்க சொல்லக் கூடாதாம்மா?" என்றார். பட்டியல் என் வேலை இல்லை, அவன் வேலை, அவனையே கேளுங்கள் என்றேன். போய்க் கேட்டிருக்கிறார். அவன் அவரை உட்காரவைத்து, யார் யார் எத்தனை நாள் வந்தார்கள், எத்தனை ரெய்டு, எத்தனை பிடி என்று நோட்டை விரித்துக் காட்டியிருக்கிறான். அவர் திருப்தியாகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். அடுத்த வாரமும் அவர் மகனை அனுப்பினார், அவ்வளவுதான்.

வருகிற ஞாயிறு பக்கத்துத் தெரு அணியோடு ஒரு நட்பு ஆட்டம். வியாழக்கிழமை இரவே பட்டியலைப் படிப்பகச் சுவரில் ஒட்டிவிட்டான். பன்னிரண்டு பெயர், இனிஷியலோடு, முழுப் பெயர். மூன்றாவதும் ஒன்பதாவதும் பேனாவால் அடிக்கப்பட்டு, பக்கத்தில் வேறு பெயர் எழுதியிருந்தது. ஏன்டா தம்பி அடிச்ச என்று கேட்டேன்.

"அவங்க ரெண்டு பேருக்கும் திங்கக்கிழமை கணக்குப் பரீட்சைக்கா. அடுத்த மேட்சுக்கு எழுதிட்டேன்."